கிளாட் தேர்வுக்கு ஆங்கிலச் சொல்வளம்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகள், திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பி, நாளொன்றுக்கு முப்பது ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வதாகவும், ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துபோவதால் அழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குறை அவரிடம் இல்லை. பட்டியலைப் பார்த்து உருப்போடும் முறையில்தான் இருக்கிறது.

இத்தகைய தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வுதான் கிளாட். அதன் 120 வினாக்களில் ஆங்கிலத்துக்கு 22 முதல் 26 வரை வருகின்றன. ஏறக்குறைய 450 சொற்கள் கொண்ட பத்தியைப் படித்து, அந்த இடத்தில் ஒரு சொல் என்ன பொருளில் நிற்கிறது என்று அறிந்து விடையளிக்க வேண்டும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். சட்டம், தர்க்கம், பொது அறிவு ஆகிய பகுதிகளும் பத்திகளாகவே வருவதால், சொல் தெரியாமல் தடுமாறும் ஒவ்வொரு நொடியும் 120 நிமிடத்திலிருந்துதான் கழிகிறது.

‘சாங்ஷன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வங்கியில் லோன் சாங்ஷன் ஆனால் அது ஒப்புதல். ஒரு நாட்டின்மீது சாங்ஷன் விதித்தால் அது தடை. ஒரே சொல் நேரெதிரான இரண்டு பொருள்களைத் தருகிறது. பட்டியலில் ‘அனுமதி’ என்று மட்டும் படித்த பிள்ளை இரண்டாவது இடத்தில் நம்பிக்கையோடு தவறான விடையைக் குறித்துவிடும்.

ஆகவே நாளொன்றுக்கு ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். முதல்முறை அகராதியைத் தொடாமல் படித்துப் பொருளை ஊகிக்கட்டும். இரண்டாம் முறை அகராதி பார்த்து ஐந்து சொற்களை, அவை வந்த வாக்கியத்தோடு, நோட்டில் எழுதட்டும். பக்கத்திலேயே தமிழ்ப் பொருளும், தாமாக அமைத்த ஒரு வாக்கியமும் இருக்க வேண்டும். மறுநாளும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பொருளை மறைத்துக்கொண்டு நினைவுகூர வேண்டும். வாரத்தில் ஆறு நாள் செய்தாலே ஓராண்டில் 1,500 சொற்களைத் தாண்டிவிடலாம்.

தமிழ்வழியில் படித்ததை நான் குறையாக எண்ணவில்லை. பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகியவர்கள் அவர்கள். ‘டிக்ட்’ என்ற லத்தீன் வேருக்குச் ‘சொல்’ என்று பொருள் எனத் தெரிந்துவிட்டால், டிக்டேஷன், வெர்டிக்ட், கான்ட்ரடிக்ட் மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும். கான்ட்ரடிக்ட் என்பது ‘எதிர்த்துச் சொல்’ என்பதன்றி வேறில்லை.

ஒன்றை மறவாதீர்கள். பொதுத்தேர்வுக்குப் பிறகுதானே என்று இருந்துவிட முடியாது. அண்மை ஆண்டுகளில் கிளாட் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே, அரையாண்டுத் தேர்வை ஒட்டி நடக்கிறது. எனவே பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபருக்குள் புதிய சொற்களை நிறுத்திவிட்டு, பழைய நோட்டுகளைத் திருப்பிப் பார்ப்பதும் மாதிரித் தேர்வும் மட்டும் போதும்.

இரவுச் சாப்பாட்டின்போது பொருள் கேட்டுச் சோதிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்று படித்த தலையங்கம் எதைப்பற்றியது என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டோடு அவரை அழைத்து வாருங்கள், அடுத்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.