நகையை அடகு வைப்பதற்கு முன் ஒரு ஃபயர்வால்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள் நெட்வொர்க் பாதுகாப்புத் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், பயிற்சி நிலையக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்பதை, கையில் உள்ள 8 ஜிபி மடிக்கணினியிலேயே அவர் இரண்டு மாதம் செலவில்லாமல் பழகிப் பார்க்கலாம்.

ஒரே கணினிக்குள் பல கணினிகளை இயக்க உதவும் கேவிஎம், 2007 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் பகுதியாகவே இருந்துவருகிறது. மடிக்கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில், இதற்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வாலை (நெட்வொர்க்கில் வருவதையும் போவதையும் விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் மென்பொருளை) 2 ஜிபி ரேமும் இரண்டு நெட்வொர்க் கார்டுகளும் உடைய விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் இயங்கும் மென்பொருள் கணினியாக, அவர் நிறுவட்டும். ஒரு கார்டு இணையத்தின் பக்கமும், மற்றது வெளித்தொடர்பற்ற உள் நெட்வொர்க்கிலும் இருக்க வேண்டும். அந்த உள் நெட்வொர்க்கில் சிறிய லினக்ஸ் மெஷின் ஒன்றும் வேண்டும். நிறுவும்போது கார்டுகள் விடிநெட் 0, விடிநெட் 1 என்று மட்டுமே தெரிவதால், எது உள், எது வெளி என்பதை ஒவ்வொரு கார்டுக்கும் உரிய அடையாளமான மேக் முகவரியின் கடைசி எழுத்துகளை ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உள் மெஷினிலிருந்து, இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் ஒழுங்காகப் போகும். இணையப் பக்கமோ திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். விர்ட்ஐஓ எனப்படும் இந்த விர்ச்சுவல் கார்டுகளுக்கிடையே செல்லும் பாக்கெட்டுகளில் (தரவுத் துண்டுகளில்), பிழையைக் கண்டறிய உதவும் எண்ணான செக்சம் முழுமையாகக் கணக்கிடப்படாமல் விடப்படுவதுண்டு என்பதும், பிஎஃப்சென்ஸின் அமைப்புகளில் செக்சம் கணக்கைக் கார்டிடமே விட்டுவிடும் ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை நிறுத்திவிட்டு, பிஎஃப்சென்ஸை மறுதொடக்கம் செய்தால் அது சரியாகும் என்பதும் தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் ஃபயர்வால் விதிகளையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார். தயவுசெய்து இந்த விடையை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்து, அவரே கண்டுபிடிக்கட்டும். நேர்முகத் தேர்வில் "ஃபயர்வால் என்றால் என்ன?" என்பதற்கு எல்லோரும் பதில் சொல்வார்கள், பழுது எங்கே இருந்தது, எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தேன் என்று வரிசையாகச் சொல்பவரையே நான் வேலைக்குப் பரிந்துரைப்பேன்.

மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட்டை எடுத்துக்கொண்டு, செய்ததையும் நடந்ததையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவரச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டுடன் இருவரும் வாருங்கள். எந்தச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டலாம் என்பதை அதைப் படித்துவிட்டு முடிவு செய்வோம்.