வாழ்க்கையை எழுத ஆசை, எங்கே தொடங்குவது? ஐரா புரோகாஃப் காட்டிய வழி

கேள்வி: என் வாழ்க்கையை எழுத ஆசைப்படுகிறேன். டைரி எழுதும் பழக்கம் உண்டு, ஆனால் அதே புலம்பல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உளவியலாளர்கள் யாராவது இதற்கு வழி சொல்லியிருக்கிறார்களா?

சொல்லியிருக்கிறார், ஐரா புரோகாஃப். 1921-இல் நியூயார்க்கில் பிறந்த யூத உளவியலாளர். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1950களில் சுவிட்சர்லாந்துக்குப் போய் யுங்கிடமே நேரில் பயின்றவர். பிறகு நியூ ஜெர்சியிலுள்ள ட்ரூ பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தினார். தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதவைத்துப் பார்த்தவர், 1966-இல் அதை 'இன்டென்சிவ் ஜர்னல்' (தீவிர நாட்குறிப்பு) என்ற முழு முறையாக வகுத்தார். பட்டறை பட்டறையாக அதைக் கற்றுக்கொடுத்தார். 1998-இல் இறந்தார்.

இந்த முறைக்குப் பின்னால் இருந்த எண்ணத்தை அவரே எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவத்திலிருந்து வந்த நேரம். நாஜிகள் புத்தகங்களைக் குவித்து எரித்தது மனதை விட்டுப் போகவில்லை. உலகத்தில் உள்ள எல்லாப் புனித நூல்களையும் ஒருவன் எரித்துவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தார். பழைய நூல்கள் எந்த ஊற்றிலிருந்து வந்தனவோ, அங்கிருந்தே புதியவற்றை எழுதிக்கொள்வார்கள் என்ற பதில் உள்ளிருந்து வந்ததாம். அந்தப் போருக்குப் பிறகும் ஒரு யூதர் இப்படி நம்பினார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். வெறும் டைரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை அவரும் கண்டிருந்தார். அதனால் நோட்டைப் பல பகுதிகளாகப் பிரித்தார்: அன்றாடப் பதிவுக்கு ஒன்று, கனவுக்கு ஒன்று, போகாமல் விட்ட பாதைகளுக்கு ஒன்று, உரையாடல்களுக்குச் சில. ஒரு பகுதியில் எழுதியது இன்னொன்றைத் தூண்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

தன்வரலாறு எழுத நினைப்பவருக்கு முதலில் பயன்படுவது அவர் 'படிக்கற்கள்' என்ற பொருளில் பெயர் வைத்த பயிற்சி. பிறந்ததிலிருந்து இன்றுவரை உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த கட்டங்களை எட்டு, பத்து வரிகளில் எழுத வேண்டும். பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. மனதில் வருகிற வரிசையிலேயே எழுதலாம், பிறகு கால வரிசைக்கு எண் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் அவற்றில் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, "அது ஒரு காலம்" என்று ஆரம்பிக்க வேண்டும். 'அது வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத காலம்' என்பது போல. அந்தக் காலத்தில் உடம்பு எப்படி இருந்தது, யார் கூட இருந்தார்கள், என்ன வேலை, என்ன முடிவு எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போகலாம். "ஏன் எனக்கு மட்டும் இப்படி" என்ற கேள்விக்கு அங்கே இடமே இருக்காது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது உரையாடல் பயிற்சி. உங்கள் வாழ்க்கையில் முக்கியமான ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு இன்று எப்படி இருக்கிறது என்று சில வரிகள் எழுத வேண்டும். பிறகு அவருடைய வாழ்க்கையின் படிக்கற்களை 'நான்' என்று அவர் குரலிலேயே எழுத வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு: நீங்களும் அவரும் பேசிக்கொள்வது போல உரையாடலை எழுத வேண்டும்.

நான் இறந்துபோன என் அத்தையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நான் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தேன்" என்று எழுதினேன். "பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள்" என்று எழுதினேன். அடுத்த வரியே அவள் கல்யாணமாக வந்து நின்றது. நடுவில் அவளுக்கு என்ன நடந்தது? சித்தப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவள் தையல் கற்றுக்கொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொடுத்து, அந்தக் காசில்தான் என் அப்பாவுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினாள் என்றார். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத செய்தி. அதற்குப் பிறகு அவளைப் பற்றி எழுதிய பக்கங்களில் குற்றச்சாட்டு குறைந்தது, அவள் கை வேலை வந்தது. தன்வரலாற்றில் வரும் மற்ற மனிதர்கள் நமக்கு வெறும் துணைப் பாத்திரங்களாகச் சுருங்கிவிடாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

அவருடைய பட்டறைகளில் எல்லோரும் அமைதியாக எழுதுவார்கள். விருப்பம் இருந்தால் எழுதியதை வாய்விட்டுப் படிக்கலாம், ஆனால் யாரும் விமர்சிக்கவோ அலசவோ கூடாது. சிகிச்சையாளரே அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புரோகாஃப் நடை, வடிவம், வாசகர் பற்றிக் கற்றுத்தருபவர் இல்லை. இந்த நோட்டில் வருவது கச்சாப் பொருள். புத்தகம் எழுத வேண்டுமென்றால் வெட்டவும் மாற்றி எழுதவும் தனியாகப் பழக வேண்டும், நேராகச் சொல்கிற நண்பர் ஒருவரும் அப்போது வேண்டும். முதல் வரைவுக்கு முன்னாலேயே அந்த நண்பரிடம் காட்டிவிடாதீர்கள். மனதை மிகவும் கலைக்கிற சம்பவம் வந்தால் நிறுத்திவிடுங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

முதல் படிக்கற்கள் பட்டியலில் தேதி போட்டு வையுங்கள். சில மாதம் கழித்து, பழையதைப் பார்க்காமல் இன்னொன்று எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வரி காணாமல் போனது, எது புதிதாக நுழைந்தது என்று தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் புதிதாக நுழைந்த அந்த வரியிலிருந்துதான் முதல் அத்தியாயத்தைத் தொடங்குவேன்.