வில்பத்து காட்டுக்குள்ளேயே குடும்பத்தோடு தங்க பங்களா எடுப்பது எப்படி? ஆள் தெரியாமல் கிடைக்குமா?

வில்பத்து தேசியப் பூங்காவுக்குத் திருகோணமலையிலிருந்து போகிறோம், ஆகஸ்ட் விடுமுறை, இரண்டு சின்னப் பிள்ளைகள், கூடவே வயதான அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், "உள்ளே பெரிய ஆள் யாரையாவது தெரிந்திருந்தால்தான் கிடைக்குமாமே" என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. நான் பெரிய ஆளும் இல்லை, பெரிய ஆளின் சொந்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். பள்ளி விடுமுறையை விட்டால் எங்கும் போக வழியில்லாத ஆள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் இருக்கும் பங்களாக்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையவை. ஒரு காலத்தில் பத்தரமுல்லைக்கு நேரே போய், கந்தோரில் நின்று எடுக்க வேண்டியிருந்தது. திருகோணமலைக்காரருக்கு அதுவே ஒரு பயணம். இப்போது திணைக்களத்தின் இணையதளத்தில் கணக்குத் திறந்து, பூங்காவையும் பங்களாவையும் நாளையும் தெரிவு செய்து, வங்கி அட்டையால் காசு கட்டலாம். நாட்கள் ஆறேழு மாதத்துக்கு முன்னாலேயே திறந்து கிடப்பதில்லை. திறக்கிற அன்று காலையிலேயே பாருங்கள். வெள்ளி, சனி, போயாவோடு (பௌர்ணமி விடுமுறை) ஒட்டி வருகிற நாட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும். விடுமுறைக் காலத்திலும் செவ்வாய், புதன் கிடக்கும். கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்குக் கிழமை நடுவில் லீவு கிடைப்பது கஷ்டம். நமக்கு அது வசதி.

பங்களாவுக்கான காசு வேறு, பூங்கா நுழைவுச்சீட்டு வேறு, வாகனத்துக்கு வேறு, அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும். முதல் பக்கத்தில் தெரிகிற தொகையை வைத்து வீட்டில் கணக்குச் சொல்லாதீர்கள். உள்ளூர்க் கட்டணத்துக்கு அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் உப்புவெளியில் பிறந்தவராக இருந்தாலும் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இனி என் கதை.

என் கணவருடைய தாய்மாமன் ஒருவர் கொழும்பில் இருக்கிறார். எதற்கும் அவரிடம் ஒரு ஆள் இருப்பார். கல்யாண வீடு, அந்தியேட்டி, எங்கே கண்டாலும், "வில்பத்துவா? நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நான் ஒரு போன் அடித்தால் போதும்" என்பார். இவரும் அதை நம்பிக்கொண்டே இருந்தார். ஏப்ரல் விடுமுறை போனது, ஆகஸ்ட் போனது, "அந்த ஆள் மாற்றலாகிப் போய்விட்டார், புது ஆளைப் பிடிக்கிறேன்" என்றார். நடுவில் ஒரு தரகரையும் அனுப்பிவைத்தார். அந்த மனிதர் பங்களாக் காசோடு தன் "செலவு" என்று ஒரு தொகையும் சேர்த்துக் கேட்டு, முற்பணத்தை முதலில் போடச் சொன்னார். நான் போடவில்லை. ரசீது இல்லாமல் ஐந்து சதம்கூடக் கொடுப்பதில்லை என்று பழகிவிட்டேன். அதற்காக வீட்டில் எனக்குக் கஞ்சப்பிசினாறி என்ற பட்டம் உண்டு, இருக்கட்டும்.

பிறகு ஒரு காலை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டே போனில் பதிவு செய்தேன். முதலில் பார்த்த பங்களாக்களில் இடம் இல்லை. ஒரு வில்லின், அதாவது காட்டுக்குள் இருக்கும் இயற்கைக் குளத்தின், கரையில் இருந்த பங்களா செவ்வாய்க்கிழமைக்குக் கிடைத்தது. ரசீது மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். இவர் பார்த்துவிட்டு மாமாவுக்குச் சொல்ல, மாமா என்ன சொன்னார் தெரியுமா? "நான் சொல்லிவைத்த ஆள் கடைசியில் செய்துவிட்டானே!"

சரி, அது போகட்டும். அதோடு நின்றிருந்தால் நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன். கனடாவிலிருந்து மாமாவின் மகன் குடும்பம் வந்திருந்தது. "பிள்ளைகள் யானை பார்க்கவேண்டுமாம், நாங்களும் சேர்ந்துகொள்கிறோம், பாய் விரித்துப் படுத்தால் போயிற்று" என்றார் மாமா. ஆட்களின் எண்ணிக்கை பத்திரத்தில் எழுதியபடிதான், ஒரு தலைகூடக் கூடக் கூடாது என்று அன்றே சொன்னேன். அச்செடுத்த தாளையும் காட்டினேன். "அதெல்லாம் கேட்டில் நான் கதைக்கிறேன்" என்றார்.

விடியப்புறம் புறப்பட்டோம். நமக்கு வழி லேசு. கன்னியா தாண்டி ஹொரவ்பொத்தானை, மிகிந்தலை, அநுராதபுரம், நொச்சியாகம என்று ஒரே ஏ12 வீதி, பிறகு வில்பத்துச் சந்தியில் வலக்கைப் பக்கம் திரும்பினால் ஹுனுவில்கம நுழைவாயில். எங்கள் ஹயஸ் வான் காட்டு மணலில் ஓடாது, அதனால் முன்கூட்டியே ஜீப் ஒன்றைப் பேசியிருந்தேன். வானை ஜீப்காரரின் முற்றத்தில் நிறுத்தினோம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளே தங்குவதென்றால் ஜீப்பும் சாரதியும் உங்களோடுதான் இரவு நிற்க வேண்டும். அரைநாள் சவாரிக் கூலிக்கு அவர் நிற்கமாட்டார். அவருக்கும் சாப்பாடு வேண்டும், படுக்க இடம் வேண்டும். இதைப் பேசாமல் போய், அங்கே வைத்துப் பேரம் பேசுகிற குடும்பங்களைப் பார்த்தேன்.

கேட்டில் ஒரு உத்தியோகத்தர் எங்கள் தாளை வாங்கி, பேனாவால் ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். மடியில் இருந்த குழந்தையையும் எண்ணினார். மாமா போனை எடுத்துக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உத்தியோகத்தர் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்: தாளில் இல்லாதவர்கள் பகல் சீட்டு எடுத்துப் போகலாம், ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். கனடாக்காரருக்கு வெளிநாட்டவர் சீட்டு. அந்தத் தொகையைக் கேட்டதும் என் மச்சினர் தன் திருகோணமலைப் பிறப்புச் சான்றிதழைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் என்ன செய்ய? அவர்கள் வெளியே ஒரு ஹோட்டலில் அறை எடுத்தார்கள். நல்ல ஹோட்டல், நீச்சல் தடாகமும் இருந்ததாம். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் நான் "கேட்டில் வைத்து இறக்கிவிட்டவள்".

இதைப் படித்துவிட்டு, "மூத்தவர்களை மதிக்கத் தெரியாதவள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: மாமாவுக்கு முதல் நாள் இரவு நான்தான் இடியப்பமும் சொதியும் வைத்துக் கொடுத்தேன். மதிப்பு வேறு, தலைக்கணக்கு வேறு.

உள்ளே எப்படியிருக்கும் என்று சொல்கிறேன், அம்மாவோடு போவதால் உங்களுக்கு உதவும். பங்களாவில் பொறுப்பாளர் இருப்பார், சமையலும் அவர்கள்தான். ஆனால் சாமான் எல்லாம் நாம் கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்பு, தேங்காய், வெங்காயம் முதல் தேயிலை, குடிதண்ணீர் வரை. உள்ளே கடை என்று ஒன்று கிடையாது. நான் நம்மூர்ச் சந்தையில் பாரை மீன் வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோனேன். அந்தச் சமையல்கார ஐயா பெட்டியைத் திறந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். காட்டுக்குள் அவருக்குக் கருவாடுதான் அதிகம் வரும் போலிருக்கிறது. கொறுக்காய்ப் புளியும் மிளகும் போட்டு, மண்சட்டியில் தண்ணீர் வற்ற வற்றக் கிண்டாமல் சட்டியைத் தூக்கித் தூக்கிக் குலுக்கினார். துண்டு ஒன்றுகூட உடையவில்லை. என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம்தான், அவருடைய தமிழும் அந்த அளவுதான். மீன் விஷயத்தில் ஒரு குறையும் வரவில்லை.

கம்பி மின்சாரம் இல்லை. சூரிய ஒளி விளக்குகள், ஒரு அளவுக்குத்தான். போன் சிக்னலை மறந்துவிடுங்கள். மாலை ஆறுக்குப் பிறகு வாகனத்தில் எங்கும் போக முடியாது, பங்களா முற்றத்தை விட்டு இறங்கவும் விடமாட்டார்கள். பிள்ளைகள் முதல் ஒரு மணி நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு முன்வராந்தையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்துகொண்டோம். எதிரே வில்லு. மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம், சுற்றிலும் வெள்ளை மணல், கரையோரம் அல்லி. புள்ளிமான் கூட்டம் தண்ணீருக்கு வந்தது. அவற்றுக்கு எதிரே ஒரு முதலை வாயைத் திறந்தபடி கிடந்தது, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. இரவு ஒரு மரை சமையலறைப் பின்பக்கம் வந்து காய்கறித் தோல் தின்றுவிட்டுப் போனது. டோர்ச் அடிக்கக் கூடாது என்று ஐயா முன்பே சொல்லிவிட்டார். சிறுத்தை? அடுத்த நாள் காலை பார்த்தோம். வால் மட்டும். என் சின்னவன் முழுச் சிறுத்தையையும் பார்த்ததாகப் பள்ளியில் சொல்லியிருக்கிறான், நான் திருத்தவில்லை.

காலை ஆறு மணிக்கு வெளியிலிருந்து வரும் ஜீப்புகள் உங்கள் பக்கம் வந்துசேர நேரமாகும். 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த காடு அது. அந்த நேரத்துக்குள் வில்லுக் கரை உங்களுக்குத்தான். உள்ளே தங்குவதற்குக் கொடுக்கிற காசு இதற்குத்தான், கட்டிலுக்கும் மெத்தைக்கும் இல்லை. இதைச் சொன்னால் "வசதியுள்ளவர்கள் கதை" என்பார்கள். ஆட்களால் பிரித்துப் பாருங்கள், வெளியே இருக்கும் நடுத்தர ஹோட்டலை விட எங்களுக்குக் குறைவாகத்தான் வந்தது.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு இருதய வருத்தமோ, இரவில் மூச்சுத்திணறலோ இருந்தால் உள்ளே எடுக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி அநுராதபுரத்தில். இருட்டில் காட்டு மணலில் ஒரு நோயாளியைக் கொண்டுவருவது சின்ன வேலையில்லை. எல்லா பங்களாவும் ஒரே அமைப்பும் இல்லை, சிலவற்றில் படி ஏற வேண்டும். எங்கள் மாமிக்கு முழங்கால் மட்டும்தான் பிரச்சினை, அதனால் துணிந்தேன். அவருடைய பயம் முழுக்க மலேரியா மேல்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையில் மலேரியா இல்லை என்று அறிவித்துவிட்டது மாமி என்றேன். "அது நுளம்புக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நுளம்புச் சுருளை ஒரு பெட்டி நிறைய வாங்கிப் பையில் வைத்தார். அங்கே நுளம்பு வலையும் இருந்தது.

இவ்வளவு தூரம் எதற்கு, நமக்குப் பக்கத்தில் கவுடுல்லையும் மின்னேரியாவும் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். யானைதான் வேண்டுமென்றால் அதுதான் நல்லது. ஆகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளத்தடியில் யானைக்கூட்டம் நிறைந்திருக்கும். ஹபரணையில் அறை எடுத்துப் பார்த்துவிட்டு வரலாம். இரவில் காட்டுக்குள் இருப்பது வேறு. வில்பத்துக் காடு போர்க்காலத்தில் நீண்ட நாள் மூடிக்கிடந்தது, 2003இல் திறந்து, திரும்பவும் மூடி, 2010இல்தான் மறுபடி திறந்தார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு வில்பத்து என்பது பள்ளிப் புவியியல் படத்தில் இருந்த பச்சை நிறம் மட்டும்தான். அதனால்தான் எனக்கு அந்தப் பிடிவாதம் என்று நினைக்கிறேன்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. நம்மூரிலும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, 2003இல் அறிவித்தார்கள். சீசன் தொடங்கினால் போதும், இரண்டு வருடமாகக் குரலே காட்டாத சொந்தமெல்லாம், "புறாத்தீவில் இரவு தங்கலாமா? நிலாவெளியில் மலிவாக அறை பார்த்துத் தருவாயா? இல்லாவிட்டால் உங்கள் வீட்டிலேயே..." என்று எடுப்பார்கள். தீவில் தங்க முடியாது, பகலில் படகில் போய் வரலாம், அவ்வளவுதான். போனால் பவளப்பாறை மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். போன சீசனில் எங்கள் வீட்டில் தங்கிய ஒரு பெண், கிளை கிளையாக ஒரு பவளத் துண்டைக் கொண்டுவந்து என் சமையலறை ஜன்னலில் காயவைத்திருந்தாள். அது குற்றம் என்று சொன்னேன். "கரையில் கிடந்தது அக்கா" என்கிறாள். கரையில் கிடந்தாலும் எடுக்கக் கூடாதுதான். சட்டத்தை விடுங்கள், அந்த நாற்றம் ஜன்னலை விட்டுப் போக எவ்வளவு நாளானது தெரியுமா? இவர்கள்தான் வில்பத்துக்குப் போனாலும் மான் கொம்பு பொறுக்குவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். யார் யார் வருகிறார்கள் என்பதை முதலில் எழுதிவையுங்கள், பிள்ளைகளையும் சேர்த்து. அதற்குப் பிறகு நாளைத் தேடுங்கள். பதிவு முடிந்த பிறகு யாராவது "நாங்களும்" என்றால், பகல் சீட்டு இருக்கிறது என்று அன்றே சொல்லிவிடுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய பை இரண்டு. குரங்குக்கு எட்டாத மாதிரி மூடியிருக்கும் சாமான் பெட்டி. சமையல்காரருக்குக் கொடுக்கச் சில்லறைத் தாள், உள்ளே மாற்ற ஆளில்லை. திரும்பும்போது அநுராதபுரத்தில் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளிச்சத்திலேயே ஹொரவ்பொத்தானையைத் தாண்டிவிடுங்கள். இருட்டினால் அந்த வீதியில் யானை இறங்கும், அதைப் பார்க்க எந்தச் சீட்டும் தேவையில்லை.