கேளுங்கள், சொல்கிறோம்: வகுப்பு திரும்பிப் பார்க்க...

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் 38 பிள்ளைகள். குழு வேலையை முடித்து அடுத்த பாடத்துக்குப் போகவே பத்து நிமிடம் ஓடிவிடுகிறது. கை தட்டுகிறேன், மணி அடிக்கிறேன், "அமைதி" என்று கத்துகிறேன். பாதிப் பேர்தான் திரும்புகிறார்கள். என்ன செய்வது?

பதில்: மூன்றில் இரண்டை விட்டுவிடுங்கள். எங்கள் தேர்வு கைதட்டல். நீங்கள் ஒரு தாளத்தில் தட்ட, அவர்கள் அதையே திருப்பித் தட்டட்டும். தட்டுகிற கையில் பென்சில் நிற்காது. மணி அடித்தால் காது கேட்கும், ஆனால் கை எழுதிக்கொண்டே இருக்கும்.

பாதிப் பேர் அடங்கியதும் பேசத் தொடங்கிவிடுகிறீர்களா? பெரும்பாலும் கெடுவது அங்கேதான். கைதட்டலுக்குப் பிறகும் பேசலாம் என்று மீதிப் பேர் புரிந்துகொள்வார்கள். கடைசி இருவர் நிறுத்தும்வரை ஒரே இடத்தில் பேசாமல் நில்லுங்கள். பத்து விநாடியிலும் அடங்காதவர்கள் பக்கத்தில் போய் நின்றால் போதும். பெயர் சொல்லி அதட்டினால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத் திரும்புவார்கள். முதல் வாரம் தினமும் மூன்று நான்கு முறை, வேண்டுமென்றே சத்தம் போடவிட்டுப் பழக்குங்கள்.

இனி பாடம் மாறுவது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு முறை, ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு முறை சொல்லிவிடுங்கள். பிறகு கைதட்டல், முழு அமைதி, அதன்பின்தான் அறிவிப்பு. "கணக்கு நோட்டை எடுங்க" என்று ஆரம்பித்தால் தலைகளெல்லாம் பைக்குள் போய்விடும். அடுத்துச் சொல்வது யார் காதிலும் விழாது. "நான் 'ஆரம்பிக்கலாம்' என்றதும்..." என்று தொடங்கி, மூன்று வேலைக்கு மேல் போகாமல் சொல்லுங்கள். கரும்பலகையிலும் எழுதுங்கள். ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, பிறகு "ஆரம்பிக்கலாம்" என்று விடுங்கள்.

சேர்ந்து செய்யக்கூடியதை ஒவ்வொருவராகச் செய்யவிட்டால் காத்திருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்த ஜேக்கப் கூனின் 1970-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். தாள்களை நீங்களே 38 மேசைக்கும் கொண்டுபோகாமல் குழுவுக்கு ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த பாடத்தின் முதல் கேள்வி பலகையில் தயாராக இருக்கட்டும். முதலில் உட்கார்ந்தவர் அதைத் தொடங்கிவிடலாம். இதெல்லாம் பழகிவிட்டால் நோட்டு மாற்ற இரண்டு நிமிடமே தாராளம்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கைதட்டல் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றாதா?

பதில்: தோன்றும். ஐந்திலிருந்து ஒன்றுவரை நிதானமாக எண்ணுங்கள். "ஐந்து, வாக்கியத்தை முடியுங்கள். மூன்று, பேனா கீழே. ஒன்று, இங்கே பாருங்கள்." இரண்டுக்கு வந்தபின் "ஒன்றரை, ஒன்றேகால்" என்று இழுக்காதீர்கள்.