எல்லை தாண்டும் வழக்குகள்: கேள்வி பதில்

சர்வதேச வழக்கறிஞர் மாநாடுகளில் இப்போது திரும்பத் திரும்ப எழும் விஷயங்கள் குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லை தாண்டிய வணிகத் தகராறுகளையும், ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பளிக்கும் முறை) வழக்குகளையும் கையாளும் மூத்த உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடுகிறோம். தகராறு வந்தால் நீதிமன்றமா, ஆர்பிட்ரேஷனா? எதை எழுதி வைப்பது சார்?

எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது? அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வழக்கில் ஜெயிப்பது பாதி வேலை, வசூலிப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை யோசிக்காமல் ஒப்பந்தம் எழுதக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. ஓர் உறுப்பு நாட்டில் வழங்கிய நடுவர் தீர்ப்பை, குறிப்பிட்ட சில காரணங்கள் இருந்தாலொழிய, மற்ற உறுப்பு நாடுகள் ஏற்று நிறைவேற்ற வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த வீச்சு இன்னும் வரவில்லை. 2005ஆம் ஆண்டின் ஹேக் நீதிமன்றத் தேர்வு உடன்படிக்கை 2015 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தது. 2019ஆம் ஆண்டின் ஹேக் தீர்ப்புகள் உடன்படிக்கை 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இரண்டிலும் சேர்ந்த நாடுகள் நியூயார்க் உடன்படிக்கையை விட மிகக் குறைவு.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்பிட்ரேஷன் எழுதாதீர்கள். மறுக்கவே முடியாத கடன் பாக்கி, சொத்தும் ஒரே நாட்டில் என்றால் நீதிமன்றம்தான் விரைவு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மூன்றாம் நபரையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலும் அப்படியே.

கேள்வி: ஆர்பிட்ரேஷன் ஷரத்தில் பொதுவாக எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பேரம் எல்லாம் முடிந்து, கையெழுத்துக்கு முந்தைய இரவு, பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டப்படுவது இந்த ஷரத்துதான். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதல் தவறு, அமைப்பின் பெயர். ஊர்ப் பெயரோடு 'சர்வதேச நடுவர் மன்றம்' என்று சேர்த்து எழுதிவிடுவார்கள். அப்படி ஓர் அமைப்பே இருக்காது. அடுத்தது, ஓர் அமைப்பின் விதிகளை எடுத்து இன்னோர் அமைப்பின் நிர்வாகத்தில் நடத்தச் சொல்வது. 2009இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்சிக்மா வழக்கில் இப்படியொரு கலப்பு ஷரத்தைச் செல்லும் என்றது. அதற்குப் பிறகு சர்வதேச வர்த்தக சபை (ஐசிசி) தன் 2012 விதிகளில், தன் விதிப்படியான வழக்கை நிர்வகிக்கத் தனக்கு மட்டுமே அதிகாரம் என்று எழுதிவிட்டது. செல்லும் என்று தீர்ப்பு வாங்கலாம்தான், அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

மிகவும் சேதம் செய்வது, சட்டப்பூர்வ இருக்கையையும் (ஆர்பிட்ரேஷன் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறதோ அந்த இடம்) விசாரணை நடக்கும் இடத்தையும் குழப்புவது. இருக்கை எந்த நாடோ அந்த நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம். விசாரணை எந்த ஊர் ஹோட்டலில் நடந்தாலும், வீடியோவில் நடந்தாலும் அது மாறாது. 'விசாரணை இன்ன ஊரில் நடைபெறும்' என்று மட்டும் எழுதினால், அது இருக்கையா வெறும் இடமா என்பதே ஒரு தனி வழக்காகிவிடும்.

நடுவர் எண்ணிக்கையில் இன்னொரு பொறி. 'ஒவ்வொரு தரப்பும் ஒருவரை நியமிக்கும், அவ்விருவரும் தலைவரைத் தேர்வார்கள்' என்பது இரண்டு தரப்புக்கு எழுதிய வாசகம். ஒப்பந்தத்தில் மூன்று தரப்பு இருந்தால் அது உடைந்துபோகும்.

ஷரத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இங்கிலாந்தில் 2020இல் வந்த என்கா தீர்ப்பு, முதன்மை ஒப்பந்தத்துக்குத் தேர்ந்த சட்டமே பெரும்பாலும் ஷரத்துக்கும் பொருந்தும் என்றது. 2025ஆம் ஆண்டின் நடுவர் சட்டம் அதை மாற்றி, வெளிப்படையாக வேறு எழுதாவிட்டால் இருக்கையின் சட்டம்தான் என்றது. 2025 ஆகஸ்ட் 1 முதல் தொடங்கும் வழக்குகளுக்கு இது பொருந்தும். ஒரே ஷரத்து, வழக்கு எப்போது தொடங்கியது என்பதைப் பொறுத்து வேறு சட்டத்தின் கீழ் போகலாம்.

கேள்வி: அப்படியானால் பாதுகாப்பான வாசகம் எது?

தேர்ந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள மாதிரி ஷரத்தை ஓர் எழுத்து மாற்றாமல் எடுங்கள். இருக்கை, நடுவர் எண்ணிக்கை, மொழி, ஷரத்துக்கான சட்டம் ஆகிய நான்கையும் நிரப்புங்கள். முதலில் பேச்சுவார்த்தை என்று சேர்ப்பதானால், 'எழுத்துமூல நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்' என்பதுபோல் தொடக்கமும் முடிவும் தெரியும்படி எழுதுங்கள். 'நல்லெண்ணத்துடன் பேசித் தீர்க்க முயல வேண்டும்' என்று மட்டும் விட்டால், அந்தக் கட்டம் முடிந்ததா இல்லையா என்று எதிர்த்தரப்பு காலம் கடத்தும்.

கேள்வி: தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்துவிட்டது. வெளிநாட்டில் நிறைவேற்ற என்னென்ன வேண்டும் ஐயா?

நியூயார்க் உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: தீர்ப்பின் அசல் அல்லது சான்றிட்ட நகல், ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தின் அசல் அல்லது சான்றிட்ட நகல், அந்த நாட்டு மொழியில் இல்லையென்றால் சான்றிட்ட மொழிபெயர்ப்பு. சிக்கல் 5ஆவது பிரிவில் இருக்கிறது. செல்லுபடியாகும் ஒப்பந்தம் இல்லை, முறையான நோட்டீஸ் இல்லை, வரம்பு மீறிய தீர்ப்பு, நடுவர் நியமனம் ஒப்புக்கொண்டபடி இல்லை, இருக்கை நாட்டில் ரத்தாகிவிட்டது ஆகியவற்றை எதிர்த்தரப்பு நிரூபித்துத் தடுக்கலாம். பொதுக் கொள்கைக்கு விரோதம், ஆர்பிட்ரேஷனுக்கே உட்படாத விஷயம் என்ற இரண்டையும் நீதிமன்றம் தானாகவே எழுப்பலாம்.

எதிர்த்தரப்பு ஆஜராகாத வழக்குகளில் நோட்டீஸ் வாதம்தான் முதலில் வரும். ஆகவே வழக்கின் முதல் நாளிலிருந்தே ஒரு தனிக் கோப்பு வையுங்கள். அதில் ஒவ்வொரு கடிதத்தின் கூரியர் ரசீது, சேர்ந்ததற்கான கையொப்பம், மின்னஞ்சல் திரும்பாத பதிவு, ஒப்பந்தத்தில் உள்ள முகவரி, நிறுவனப் பதிவேட்டில் அன்றைய தேதியில் இருந்த முகவரி எல்லாம் இருக்கட்டும். இரண்டு முகவரியும் வேறாக இருந்தால் இரண்டுக்குமே அனுப்புங்கள்.

கால வரம்பையும் பாருங்கள். அன்சிட்ரால் (ஐ.நா.வின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம்) வகுத்த மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில், ரத்து கோர பொதுவாகத் தீர்ப்பு கிடைத்ததிலிருந்து 3 மாதம். நிறைவேற்று மனுவுக்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும். சொத்து இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

தீர்ப்பு கையில் இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடாது என்பதற்கு, நைஜீரியா அரசுக்கு எதிராக ஒரு நிறுவனம் வாங்கிய நடுவர் தீர்ப்பே போதும். வட்டியோடு சுமார் 1,100 கோடி டாலராக வளர்ந்திருந்த அந்தத் தீர்ப்பை 2023இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அந்த நிறுவனத்தின் லஞ்சம், பொய்ச் சாட்சியம், நைஜீரியாவின் ரகசிய சட்ட ஆவணங்களைக் கைவசம் வைத்திருந்தது ஆகியவை காரணங்கள்.

கேள்வி: மனு, வாதக் குறிப்பு தயாரிக்க ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் பொறுப்பு முழுக்கக் கையெழுத்திடுபவருடையது. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், இப்படிச் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை மட்டுமல்ல, நீதிமன்ற அவமதிப்பு வரை போகும் என்று எச்சரித்தது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் தடுப்பதும் எளிது. இந்தக் கருவி இயல்பிலேயே தீர்ப்புத் தொகுதியைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகிறது. வழக்குப் பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்கம் என்ற மேற்கோள் வடிவம் மிகவும் ஒழுங்கானது. அதனால் பொய்யும் அச்சு அசலாக வரும். நியூயார்க் வழக்கில், வழக்கு உண்மையா என்று அதே கருவியிடம் கேட்டார்கள், உண்மை என்றது. அதனால் சரிபார்ப்பு வேறு இடத்தில்தான் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு மேற்கோளையும் மூலத் தரவுத்தளத்தில் திறந்து, குறிப்பிட்ட பத்தியைப் படித்து, மேற்கோள் குறிக்குள் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். பிறகு மேல்முறையீட்டில் அது நிலைத்ததா என்று பாருங்கள். இல்லாத வழக்கைவிட ஆபத்தானது, வழக்கு உண்மையாக இருந்து அதில் சொல்லாத கருத்தை ஏற்றிவிடுவது. பெயரைத் தேடினால் கிடைத்துவிடும் என்பதால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கட்சிக்காரரின் ரகசிய ஆவணத்தைப் பொதுக் கருவியில் ஏற்றவே வேண்டாம். வழக்கறிஞர்–கட்சிக்காரர் சலுகை (இருவருக்கிடையிலான தகவலை வெளியிடாதிருக்கும் உரிமை) போய்விட்டது என்று வாதிட எதிர்த்தரப்புக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகும்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் வெளிநாட்டு நிறுவனத்தையும் பிடிக்குமா?

பிடிக்கும். கருவியை ஒன்றியச் சந்தையில் விட்டாலும், வெளியே இயக்கி அதன் விளைவை ஒன்றியத்துக்குள் பயன்படுத்தினாலும் சட்டம் பொருந்தும். தடை செய்யப்பட்ட பயன்பாடுகள் குறித்த விதிகள் 2025 பிப்ரவரி 2 முதலும், பொதுப் பயன்பாட்டு மாதிரிகளுக்கான கடமைகள் 2025 ஆகஸ்ட் 2 முதலும் பொருந்துகின்றன. உச்ச அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், எது அதிகமோ அது. உயர் ஆபத்துப் பிரிவின் தேதிகளைத் தள்ளிவைக்கும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் வைத்தது. அதனால் பழைய அட்டவணையை வைத்துக் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லாதீர்கள்.

கேள்வி: அமெரிக்க நீதிமன்றம் ஆவணங்களைக் கேட்கிறது. அவை ஐரோப்பிய சர்வரில், ஊழியர்களின் தனிப்பட்ட விவரங்களோடு இருக்கின்றன. என்ன செய்வது சார்?

இரண்டு பக்கமும் உண்மையான அழுத்தம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 48ஆவது பிரிவு, சர்வதேச உடன்பாட்டின் அடிப்படையில் வராத வெளிநாட்டு உத்தரவைத் தானாக ஏற்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1987லேயே, வெளிநாட்டிலிருந்து சாட்சியம் பெறுவதற்கான ஹேக் சாட்சிய உடன்படிக்கை மட்டுமே ஒரே வழி அல்ல என்று சொல்லிவிட்டது.

நடைமுறை வழி 49ஆவது பிரிவில் இருக்கிறது. சட்ட உரிமையை நிலைநாட்டவோ எதிர்வாதம் செய்யவோ அவசியமான அளவுக்கு அனுப்பலாம். 'அவசியம்' என்பதைக் காட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். முதலில் எதிர்த்தரப்போடு பேசித் தேதி வரம்பு, நபர்கள், தேடுசொற்களைக் குறையுங்கள். முதல் கட்டப் பரிசீலனையை ஐரோப்பாவுக்குள்ளேயே முடியுங்கள். தொடர்பில்லாத பெயர்களையும் எண்களையும் மறையுங்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் ரகசியக் காப்பு உத்தரவு வாங்கிய பிறகே அனுப்புங்கள். எதை, ஏன் அனுப்பினோம் என்று பதிவேடு வையுங்கள். மொத்த மெயில்பெட்டியையும் நகலெடுத்து அனுப்பிவிட்டு 49ஆவது பிரிவைக் காட்டினால் எந்தத் தரவுக் காப்பு அமைப்பும் ஏற்காது.

கேள்வி: எதிர்த்தரப்பு பொருளாதாரத் தடைப்பட்டியலில் இல்லை, ஆனால் அதன் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். வியாபாரம் செய்யலாமா?

பட்டியலில் உள்ள ஒருவருக்கு 30 சதவீதம், இன்னொருவருக்கு 25 சதவீதம் பங்கு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பொருளாதாரத் தடைகளை நிர்வகிக்கும் ஓஃபாக் அமைப்பின் விதிப்படி இரண்டையும் கூட்ட வேண்டும்: 55. மொத்தம் 50ஐத் தொட்டாலே நிறுவனமும் முடக்கப்பட்டதுதான். பிரிட்டனில் ஒருவரிடம் 50க்கும் மேல் இருக்கிறதா, அல்லது கட்டுப்பாடு இருக்கிறதா என்பது கேள்வி. இருவரும் சேர்ந்து செயல்படும் ஏற்பாடு இல்லாவிட்டால் பொதுவாகக் கூட்டுவதில்லை. ஆக ஒரே நிறுவனம் ஓர் இடத்தில் முடங்கி, இன்னோர் இடத்தில் முடங்காமல் இருக்கலாம். டாலரில் பணம் போகிறது என்றால் அமெரிக்க விதியையும் சேர்த்தே பாருங்கள்.

ஒப்பந்த வாசகத்துக்கு ஒரு பாடம், பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் 2024 மே 15 தீர்ப்பு. கப்பல் ஒப்பந்தத்தில் பணம் டாலரில் தர வேண்டும். சரக்கு அனுப்பும் ஆர்டிஐ என்ற நிறுவனம், தன் தாய் நிறுவனத்தின் மீது 2018இல் அமெரிக்கத் தடை வந்ததும், யூரோவில் தருகிறோம், நாணய மாற்றுச் செலவையும் ஏற்கிறோம் என்றது. கப்பல் நிறுவனமான எம்யூஆர் மறுத்தது. தடங்கலைச் சமாளிக்க நியாயமான முயற்சி செய்யும் கடமை இருந்தாலும், ஒப்பந்தத்தில் இல்லாத முறையை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று எம்யூஆருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. மாற்று நாணயம், மாற்று வங்கி, எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம், அதன் பிறகு யார் விலகலாம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கேள்வி: கிரிப்டோ திருடு போனால் மீட்க வழி உண்டா?

முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பரிவர்த்தனை ஹாஷ் (அடையாளக் குறியீடு), வாலட் முகவரி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து, பணம் எந்த எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) போய்ச் சேர்ந்தது என்று தடம் பிடியுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு உடனே எழுத்துமூலம் அறிவியுங்கள். பிறகு அடையாளம் தெரியாத நபர்கள் மீது சொத்து முடக்க உத்தரவும், எக்ஸ்சேஞ்ச் வாடிக்கையாளர் விவரத்தைத் தர உத்தரவும் கேளுங்கள். கிரிப்டோ சொத்துதான் என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2019இலேயே ஏற்றது. 2022இல் என்எஃப்டி (பிளாக்செயினில் பதியும் தனித்த டிஜிட்டல் டோக்கன்) வழியாக வாலட்டுக்கே நோட்டீஸ் சார்வு செய்யவும், அதாவது முறைப்படி சேர்ப்பிக்கவும், அனுமதித்தது. பலருடைய கிரிப்டோவைக் கலந்து தடத்தை மறைக்கும் மிக்சர் வழியே போய்விட்டாலோ, யாருடைய காவலிலும் இல்லாத தனி வாலட்டில் நின்றுவிட்டாலோ உத்தரவு கையில் இருந்தும் பிடிக்க ஆள் இருக்காது. டெதர், யுஎஸ்டிசி போன்ற, மதிப்பு டாலரோடு கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின் என்றால் வெளியீட்டாளரே முகவரியை முடக்க முடியும், அவரிடமும் கேளுங்கள்.

கேள்வி: காலநிலை குறித்த சர்வதேச நீதிமன்றத்தின் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்கிறார்களே?

2025 ஜூலை 23இல் வந்தது ஆலோசனைக் கருத்து. தீர்ப்பைப் போல் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் அது விளக்குவது நாடுகளை ஏற்கெனவே கட்டுப்படுத்தும் சட்டத்தை. அதனால்தான் உள்நாட்டு வழக்குகளில் அதற்குக் கனம் கிடைக்கும். நிறுவனங்கள் விஷயத்தில் நிதானம் வேண்டும். எண்ணெய் நிறுவனமான ஷெல் மீதான வழக்கில், கார்பன் உமிழ்வை 45 சதவீதம் குறைக்கச் சொன்ன உத்தரவை 2024 நவம்பரில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. கடமை உண்டு, ஆனால் குறிப்பிட்ட சதவீதத்தைத் திணிக்க முடியாது என்பது அதன் நிலை.

கேள்வி: வெளிநாட்டுப் பிரதிவாதிக்கு மின்னஞ்சலில் சம்மன் அனுப்பினால் போதுமா?

அந்த நாடு 1965ஆம் ஆண்டின் ஹேக் சார்வு உடன்படிக்கையில் இருந்தால், மைய அதிகார அமைப்பு வழியே போவதுதான் பத்திரம். தபால் வழியை 10ஆவது பிரிவு அனுமதித்தாலும் சீனா, ஜெர்மனி போன்ற நாடுகள் அதற்கு ஆட்சேபம் தெரிவித்திருக்கின்றன. அங்கே குறுக்குவழியில் போய் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கினால், சொத்து இருக்கும் அதே நாட்டில் அது நிற்காது. அனுப்பி 6 மாதமாகியும் சான்று வரவில்லையென்றால், உரிய முயற்சிகள் செய்ததைக் காட்டி மேலே செல்ல 15ஆவது பிரிவு வழி விடுகிறது. உங்கள் நாடு அதற்கான அறிவிப்பைச் செய்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை முதல் முறையே சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் கட்டு திரும்பி வந்தால் மாதங்கள் வீணாகும்.