சிறு தொகையில் இலக்குச் சுடுதல்: எதற்குச் செலவிடுவது, எதைத் தவிர்ப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளை முறையான உரிமத்துடன் வாங்கியிருக்கிறேன். கையில் மீதி இருப்பது கொஞ்சம்தான். முதலில் எதை வாங்குவது?

பதில்: காதுக்கும் கண்ணுக்கும் உரிய காப்பை முதலில் வாங்குங்கள். பாயிண்ட் 22 பெரிதாகச் சத்தம் போடாது என்று நம்பி வெறும் காதோடு சுடுபவர்களைச் சுடுதளங்களில் இன்னமும் பார்க்க முடிகிறது. ரைஃபிளில் அதன் வெடிச்சத்தத்தின் உச்சம் ஏறத்தாழ 140 டெசிபெல். கணநேரச் சத்தத்தால் செவித்திறன் கெடக்கூடும் என்று கொள்ளப்படும் எல்லையும் அதுவே. பெரிய ரகத் தோட்டாக்கள் 160 டெசிபெலையும் தொடும். நுரையாலான இயர் பிளக் மிக மலிவானது. அதை நன்றாக உருட்டி, காதின் மேல்நுனியைச் சற்றே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தினால், காதை முழுதாக மூடும் விலை கூடிய இயர் மஃபுக்குச் சற்றும் குறையாமல் காக்கும். இரண்டையும் சேர்த்து அணிந்தால் அவற்றின் காப்பு அளவுகள் அப்படியே கூடிவிடுவதில்லை. சுமார் 5 டெசிபெல்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கூரையிட்ட சுடுதளத்தில் அந்த ஐந்தும் வேண்டும். கண்ணுக்கு, மோதலைத் தாங்கும் தரக்குறி பொறித்த பாலிகார்பனேட் கண்ணாடி போதும்.

அடுத்ததாக, இணைப்பில்லாத ஒற்றைத் துண்டுத் துப்புரவுக் கம்பி ஒன்றும், அதைக் குழலின் நடுவாகச் செலுத்த உதவும் வழிகாட்டிக் குழாய் ஒன்றும் வாங்குங்கள். மூன்று துண்டுகளைத் திருகிச் சேர்க்கும் மலிவுக் கம்பிகள் வளைந்து, குழலின் வாய் விளிம்பில் உராய்கின்றன. பழைய ரைஃபிளின் வாயை ஒரு சிறு உருப்பெருக்கியால் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வரிப்பள்ளங்களின் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள்) முனை மழுங்கிப் பளபளத்தால், அது பெரும்பாலும் சுட்டதால் வந்த தேய்மானமன்று, துடைத்ததால் வந்தது. குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அந்த விளிம்புதான் என்பதால், அங்கே ஏற்படும் சிறு சிதைவும் ஒவ்வொரு குண்டையும் சாய்த்து அனுப்பும். மீதிப் பணம் முழுவதும் தோட்டாவுக்கே.

கேள்வி: விலை உயர்ந்த போட்டித் தோட்டா வாங்குவதா, மொத்தமாகக் கிடைக்கும் மலிவுத் தோட்டா வாங்குவதா?

பதில்: என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு உங்கள் ரைஃபிள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து உருவான இரண்டு ரைஃபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி ஏற்பதில்லை; நடுத்தர விலைத் தோட்டா ஒன்று, அதைவிட இரு மடங்கு விலையுள்ளதைக் காட்டிலும் உங்கள் குழலில் நெருக்கமாக விழுவது அரிதன்று. ஆகவே ஒரே வகையை மொத்தமாக வாங்குவதற்கு முன், நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கிச் சோதியுங்கள்.

சோதனையை அவசரமாகச் செய்தால் அந்தப் பணமும் வீண். காற்று அடங்கிய நேரத்தில், ரைஃபிளை மணல் மூட்டையில் தாங்கி, 50 மீட்டரில் சுடுங்கள். ஒவ்வொரு வகையிலும் குண்டின் மேல் பூசிய எண்ணெயும் மெழுகும் வேறு என்பதால், வகை மாற்றும்போது முதல் பத்துக் குண்டுகளையாவது கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஐந்தைந்தாக நான்கு குரூப் (ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் தொகுதி) சுட்டு, நான்கும் பரவிய அகலத்தின் சராசரியைப் பாருங்கள். மூன்று குண்டுகள் ஒரே துளையில் விழுந்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு பலர் தோட்டா வாங்கக் கிளம்புகிறார்கள். அந்த மூன்று குண்டுகள் எதையும் நிரூபிப்பதில்லை. 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் என்பதை மனத்தில் வைத்து அளந்தால், உங்கள் தோட்டா எவ்வளவு இடத்தைத் தானே விழுங்கிவிடுகிறது என்பது தெளிவாகும்.

தேர்வில் இன்னொன்றும் உண்டு. பெட்டியில் ‘ஹை வெலாசிட்டி’ (அதிவேகம்) என்று இருந்தால் அது கூடுதல் தரம் என்று பொருளன்று. அந்தக் குண்டு ஒலியின் வேகமான நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரைத் தாண்டிப் புறப்பட்டு, வழியிலேயே அதற்குக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் அதன் நிலைத்தன்மை குலையக்கூடும். நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் செல்லும் ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ வகை தாளில் சுடுவதற்குப் பொருத்தமானது. பெரும்பாலும் விலையிலும் பெரிய வேறுபாடு இருக்காது.

நல்ல வகை கிடைத்துவிட்டால், பெட்டியின் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு, அதே லாட்டில், உங்கள் உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள், இயன்றவரை வாங்குங்கள். அதே பெயருள்ள அடுத்த லாட் வேறு விதமாக நடந்துகொள்ளலாம். அன்றாடப் பயிற்சிக்கு மலிவு வகையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் வெடிக்காத தோட்டா வந்தால், குழலை இலக்குத் திசையிலேயே குறைந்தது 30 நொடி வைத்திருந்து பின் திறவுங்கள். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால், அடுத்ததைச் சுடாமல், தோட்டாவை அகற்றிவிட்டு, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்றில் எந்தச் சமரசமும் கூடாது.

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட் வாங்கலாம்?

பதில்: தட்டைத் தலை கொண்ட 4.5 மில்லிமீட்டர் பெல்லட். அது தாளில் வட்டமாக, கிழிசலில்லாமல் துளையிடும். பத்துப் புள்ளி என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர் பொட்டு என்பதால், புள்ளியைக் கணக்கிடுவதில் இது முக்கியம். டப்பாவைத் திறந்தவுடன் கொஞ்சத்தை வெளிச்சத்தில் கொட்டிப் பாருங்கள். பின்பக்கப் பாவாடை நசுங்கியவை கண்ணுக்கே தெரியும். அவற்றை ஒதுக்கினால் போதும். தலையின் அளவு 4.49, 4.50 என்று பிரித்து விற்கப்படுவதைச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் உங்கள் குரூப் இன்னும் பத்துப் புள்ளிக்கு வெளியே பரவும் நிலையில் அந்தச் செலவு தேவையில்லை. பெல்லட்டுகள் ஈயம், சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எவ்வளவு செலவிடலாம்?

பதில்: முதலில், நீங்கள் பங்கேற்கும் போட்டி ஸ்கோப்பை அனுமதிக்கிறதா என்று பாருங்கள், 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் ஒலிம்பிக் பிரிவுகளில் அதற்கு இடமில்லை. அனுமதி இருந்தால், உருப்பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தை, ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் மவுண்ட்டிலும் வளையத்திலும் போடுங்கள். ‘ஸ்கோப் கெட்டுவிட்டது’ என்று கொண்டுவரப்படுபவற்றில் கணிசமானவை தளர்ந்த திருகால் வந்த கோளாறுகளே. சுருள்வில் விசையுள்ள ஏர் ரைஃபிளுக்கு, அதற்கென்று உறுதியளிக்கப்பட்ட ஸ்கோப்பை மட்டும் வாங்குங்கள். அந்த ரைஃபிள் பின்னுக்கும் முன்னுக்கும் இரு திசையிலும் உதைப்பதால், மற்ற ஸ்கோப்புகளின் உள்ளே இருக்கும் லென்ஸ்கள் கழன்றுவிடக்கூடும்.

கேள்வி: தோட்டாவை நானே மறுநிரப்பினால் மிச்சமாகுமா?

பதில்: பாயிண்ட் 22-இல் வழியில்லை, வெடியைத் தூண்டும் மருந்து அதன் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மற்றவற்றில், சட்டம் அனுமதித்தாலும், கருவிகளின் விலை ஈடாக நிறையச் சுட வேண்டும். மாதம் ஒரு பெட்டி சுடுபவருக்குத் தேவையில்லை. பிறர் நிரப்பிக் கொடுத்ததை விலையில்லாமல் கிடைத்தாலும் சுடாதீர்கள்.

கேள்வி: தோட்டா வாங்கப் பணமில்லாத மாதங்களில் என்ன செய்வது?

பதில்: வெற்றுப் பயிற்சி, அதாவது தோட்டா இல்லாமல் குறிபார்த்து விசையை இழுக்கும் பயிற்சி, செய்யுங்கள். தேர்ந்த வீரர்களும் இதற்கு நிறைய நேரம் ஒதுக்குகிறார்கள். துப்பாக்கியைத் திறந்து, குழலின் தோட்டா அறையும் மேகசினும் காலி என்பதை இரு முறை பார்த்து, தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் பூட்டிவிட்டு, சுவரில் ஒட்டிய சிறு இலக்கை நோக்கி விசையை இழுங்கள். விசை விடுபடும் அந்தக் கணத்தில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். உண்மையான வெடியின் உதை அந்தத் துள்ளலை மறைத்துவிடுகிறது, வெற்றுப் பயிற்சியில் அது தெளிவாகத் தெரியும். பாயிண்ட் 22-இல் காலியான தோட்டா அறையில் அடித்தால், தோட்டாவை அடிக்கும் அடிமுள் அந்த அறையின் விளிம்பில் மோதிச் சேதம் உண்டாகலாம். கையேடு அனுமதிக்காவிட்டால் போலித் தோட்டா ஒன்றை இட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் துணைப்பொருள்களிலேயே, செலவுக்கு மிகக் கூடுதல் பலன் தருவது அதுதான்.

கேள்வி: மொத்தமாக வாங்கியதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பதில்: குளிர்ந்த, உலர்ந்த, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத இடத்தில் பூட்டி வைத்தால், தற்காலத் தோட்டாக்கள் பல ஆண்டுகள் கெடாது. வெயிலில் நிற்கும் வாகனத்தின் பெட்டியில் வைக்காதீர்கள். லாட் எண் அச்சிட்ட அசல் பெட்டியிலேயே விட்டு, பழையதை முதலில் சுடுங்கள். பச்சை பூத்த கூட்டையோ நனைந்த தோட்டாவையோ காயவைத்துச் சுட முயலாமல், சுடுதளப் பொறுப்பாளரிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.