மண்சரிவு எச்சரிக்கையும் ஆங்கில இலக்கணமும்

அன்புள்ள சேர்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். டியூசனில் தந்த ஆங்கில இலக்கண நோட்ஸ் எல்லாம் பாடம். கீறிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடுவேன். நானாக ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதினால் மட்டும் வரிக்கு வரி பிழை. 'நிறைய வாசி, இலக்கணம் தானாக வரும்' என்கிறார்கள். ஒரு நாவலைப் பாதி வரை வாசித்தேன். கதை விளங்கியது, இலக்கணம் வரவில்லை. எப்படித்தான் வாசிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கதை விளங்கியதுதான் சிக்கலே. விளங்கிவிட்டால் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். 'ஏ', 'த' என்கிற குட்டிச் சொற்களையும், வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டும் 'எஸ்'ஸையும் கவனிக்காமலேயே முழு நாவலையும் முடித்துவிடலாம். எழுதும்போது நாம் கோட்டை விடுவதும் அதே இடங்களில்தான். தமிழில் வருகிறேன், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் மிஞ்சியிருக்கும் அந்த ஒற்றை 'எஸ்' மறந்துபோவது வேடிக்கைதான்.

ஆகவே நாவலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். தமிழில் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் வாசியுங்கள். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்களேன். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று கட்டமும் நுவரெலியா, பதுளைப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அர்த்தம் தேட வேண்டியதில்லை என்பதால் கண் இலக்கணத்தின் மேல் நிற்கும்.

அதன் ஆங்கில வடிவில் இந்த மாதிரி ஒரு வரி இருக்கும்: 'சின்ஸ் த ரெயின்ஃபோல் வித்தின் த பாஸ்ட் 24 அவர்ஸ் ஹேஸ் எக்ஸீடட் 75 மில்லிமீற்றர், இஃப் த ரெயின் கன்டினியூஸ்...' கொஞ்சம் நின்று பாருங்கள். 'ஹேஸ் எக்ஸீடட்' ஏன் வந்தது? அந்த 24 மணித்தியாலம் இந்த நிமிடம் வரை வந்து முட்டுகிறது. நேற்று ராத்திரி பெய்து ஓய்ந்த மழை என்று நேரம் குறித்துச் சொல்வதானால் வெறும் 'எக்ஸீடட்' போதும். அடுத்தது 'இஃப் த ரெயின் கன்டினியூஸ்'. மழை இனிமேல்தான் தொடர வேண்டும், ஆனாலும் அங்கே 'வில்' இல்லை. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் 'இஃப் த ரெயின் வில் கன்டினியூ' என்றுதான் எழுதுவார்கள். அந்த 'எஸ்'ஸும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நோட்ஸில் மூன்று பாடமாகப் படித்தது ஒரே வாக்கியத்தில் வேலை செய்கிறது.

பத்திரிகை வாசித்தால் தலைப்பை நம்பாதீர்கள். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் போடுவார்கள், 'ஏ', 'த' எல்லாவற்றையும் இடத்துக்காக வெட்டிவிடுவார்கள். தலைப்புக்குக் கீழே இருந்து தொடங்குங்கள். அங்கே முதலில் 'ஏ லொறி' என்று வரும், அடுத்த வாக்கியத்தில் அதுவே 'த லொறி' ஆகிவிடும். ஒரு நாளைக்கு அதை மட்டும் பென்சிலால் வட்டம் போடுங்கள். மறுநாள் அதே செய்தியில் வினைச்சொற்களை மட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்கப் போனால் ஒன்றும் மனதில் தங்காது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. வாக்கியத்துக்கு ஓரிரு சொல் குறித்துக்கொண்டு பத்திரிகையை மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் போகட்டும். குறிப்பை மட்டும் வைத்து முழுச் செய்தியையும் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் பையனாக இருந்தபோது, பொஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' கட்டுரைகளை வைத்து இப்படித்தான் எழுதிப் பழகினார். டியூசன் காசு மிச்சம்! உங்கள் வரியும் மூல வரியும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் நோட்ஸைத் திறங்கள். நோட்ஸுக்கு அதுதான் சரியான உபயோகம்.

இறந்தகால வினைகளுக்குக் கதைதான் நல்லது, ஆனால் பொது நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போங்கள். உயர்தரம் எழுதிய பிள்ளை அங்கே நிற்பதா என்று கூச்சம் வேண்டாம். 'கேம், டுக், வென்ட்' எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வரும். நம் மலைநாட்டைப் பற்றியது என்று யாராவது ரொபர்ட் நொக்ஸை நீட்டினால் மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். கண்டி ராச்சியத்தில் 19 வருஷம் கைதியாக இருந்தவர், சரித்திரத்துக்கு அருமையான ஆள். ஆனால் அது 1681இல் வந்த புத்தகம், அந்த ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

வாசிப்பதைச் சத்தமாக வாசியுங்கள், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டால் கேட்கட்டும். முதலில் எழுதிப் பார்ப்பதை மூலச் செய்தியோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். திருத்தாமல் அனுப்புங்கள்.